பரிசோதனைகள் முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள்

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். கணவர் செம்பனை லாரி ஓட்டுகிறார். மகளுக்கு ஐந்தரை வயது, பாலர் பள்ளிக்குப் போகிறாள். நான்கு மாதமாக வயிற்று வலி. சாப்பிட்டதும் தொப்புளைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுவாள். வயிறு உப்பியிருக்கிறது, கை கால் குச்சியாக இருக்கிறது. போன தீபாவளிக்குத் தைத்த பாவாடை இந்தத் தீபாவளிக்கும் அளவாக இருந்தது. கிளினிக்கில் முதலில் காற்று என்று மருந்து கொடுத்தார்கள். அப்புறம் ரத்தம் பார்த்து ஹீமோகுளோபின் 9.2 என்று இரும்புச்சத்து சிரப் கொடுத்தார்கள். இரண்டு மாதம் குடித்தும் 9.4தான். மாமியார் நாக்குப்பூச்சி என்கிறார். குடல் ஏறிவிட்டது என்று தடவிவிடவும் ஆள் கூட்டி வந்தார். மெல்பர்னில் இருக்கும் என் அக்காவின் மகனுக்கு செலியாக் நோய் இருக்கிறது. அக்கா சொன்னதால் 12 நாளாகக் கோதுமையை நிறுத்தியிருக்கிறேன். வலி கொஞ்சம் குறைந்த மாதிரி தெரிகிறது. இது செலியாக்தானா? ஒரு தனியார் லேப்பில் உணவு ஒவ்வாமைக்கு என்று பல நூறு ரிங்கிட்டில் ஒரு பேக்கேஜ் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: வணக்கம் சகோதரி. உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பேக்கேஜ் வேண்டாம். அடுத்தது, இன்று சாயங்காலமே பிள்ளைக்குப் பழையபடி ரொட்டியோ மீயோ (கோதுமை நூடுல்ஸ்) கொடுங்கள். அக்கா அன்பில்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் எது முன், எது பின் என்பது மாறிப்போய்விட்டது. செலியாக் இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை, கோதுமை சாப்பிடுகிற உடம்பில்தான் உண்மை சொல்லும்.

ஏன் என்று சொல்கிறேன். ரொட்டி சானாய் கடையில் மாவை வீசுவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கை அளவு உருண்டை, நாலு வீச்சில் மேசை அகலத்துக்குக் கண்ணாடி மாதிரி விரிகிறது, கிழிவதில்லை. அந்த இழுவையைக் கொடுக்கும் புரதத்துக்குத்தான் குளூட்டன் என்று பெயர். அரிசி மாவை அப்படி வீச முடியாது. அதில் குளூட்டன் கிடையாது. கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களில் இது இருக்கிறது. செலியாக் உள்ளவர்களின் உடம்பு இந்தக் குளூட்டனைக் கண்டதும் தன் சிறுகுடலையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. இது அலர்ஜி இல்லை, விஷமும் இல்லை. உடம்பின் காவல்காரன் வீட்டுக்காரரையே அடிக்கிற கதை.

புதுத் துவாலையைத் தொட்டுப் பாருங்கள், நுனி நுனியாக நூல் எழும்பி நிற்கும். நம் சிறுகுடலின் உள்பக்கமும் அப்படித்தான். சாப்பாட்டின் சத்தை உறிஞ்சுவது அந்த நுனிகள்தான். செலியாக்கில் அவை தேய்ந்து, பத்து வருஷம் துவைத்த துவாலை மாதிரி வழவழப்பாகிவிடும். பிள்ளை வயிறு நிறையச் சாப்பிட்டாலும் உள்ளே போய்ச் சேராது. இரும்புச்சத்து முதலில் உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கத்தில், நோய் அதிகம் தாக்குவதும் அங்கேதான். அதனால்தான் சில பிள்ளைகளுக்கு இரும்பு சிரப் பாட்டில் பாட்டிலாகப் போனாலும் ரத்தம் ஏறுவதில்லை.

இப்படித் தாக்கும்போது ரத்தத்தில் சில எதிர்ப்பொருள்கள் உண்டாகின்றன. பரிசோதனை தேடுவது அவற்றைத்தான். கோதுமையை நிறுத்தினால் தாக்குதல் அடங்கும், எதிர்ப்பொருள் மெல்லக் குறையும், குடலும் ஆறத் தொடங்கும். பல மாதம் கழித்துப் பரிசோதித்தால் நோய் இருக்கிற பிள்ளைக்கும் 'இல்லை' என்று தாள் வரும். உங்கள் நல்ல நேரம், நிறுத்தி 12 நாள்தான் ஆகிறது. எதிர்ப்பொருள் இறங்க வாரங்கள், மாதங்கள் பிடிக்கும். பெரிதாக எதுவும் கெட்டுப்போகவில்லை. ஆனால் 12 நாள் இரண்டு மாதமாக நீளக் கூடாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், தோட்டப் பக்கத்திலிருந்து ஒரு தாய் ஏழு வயதுப் பையனைக் கூட்டி வந்தார். அதே வயிறு, அதே குச்சிக் கால்கள். ரத்தத்தை வெளியூருக்கு அனுப்ப வேண்டும், நாளாகும் என்றதும், "சரி, கொஞ்ச நாள் கோதுமையை நிறுத்திப் பாருங்களேன்" என்று சொல்லிவிட்டேன். என் வாயால் சொன்னேன், வேறு யார் மேலும் பழி போட முடியாது. பையன் தேறினான். எட்டு மாதம் கழித்துப் பரிசோதனை எடுத்தபோது எதுவும் இல்லை என்று வந்தது. திரும்பக் கோதுமை கொடுத்துப் பார்க்கலாம் என்றேன். அந்தத் தாய் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார். பிள்ளை துடித்ததை மறுபடி பார்க்க அவருக்குத் தெம்பில்லை. அவன் இப்போது பெரிய ஆள். கூட்டாளிகளோடு உட்கார்ந்து மீ கோரெங் சாப்பிடும்போது, அது வெறும் சாப்பாடா, குடலைத் தின்கிற சமாச்சாரமா என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

'நிறுத்தினேன், வலி குறைந்தது, அப்படியானால் அதுதானே' என்று நீங்கள் கேட்கலாம். கோதுமையை நிறுத்தினால் கூடவே என்னென்ன நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எண்ணெயில் முங்கிய சானாய், மேகி மீ, கிரீம் பிஸ்கட், எல்லாம் நின்றுவிட்டது. கோதுமையில் குளூட்டன் தவிர, பெருங்குடலில் புளித்துக் காற்று உண்டாக்கும் ஒரு வகைச் சர்க்கரையும் இருக்கிறது. அது குறைந்தாலும் உப்பிய வயிறு தணியும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து ஊட்டுவதே பாதி வலியைக் குறைக்கும், அது வேறு.

கோதுமைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை நிலைநாட்டியவர் வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். கோதுமை மேல் அவருக்கு முன்பே சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் வந்து, ரொட்டியே இல்லாமல் மக்கள் துலிப் பூவின் கிழங்கைக்கூட வேகவைத்துத் தின்றார்கள். அந்தச் சமயத்தில் செலியாக் பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்துக்கொண்டார்கள். நீங்கள் வீட்டில் பார்த்ததும் ஏறக்குறைய இதுதான். ஆனால் அவர் அதோடு விட்டுவிடவில்லை. கோதுமையைக் கொடுத்தும் எடுத்தும் பிள்ளைகளை எடை போட்டு, கணக்கு வைத்து, 1950இல் ஆய்வாகக் கொடுத்தார். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஒரு சின்னக் குழாய் ரத்தம் போதும்.

இனி, உங்கள் பிள்ளைக்கு இது இருக்குமா? கடிதத்தைப் படித்து நான் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. ஆனால் என் மனதில் ஓடுவதைச் சொல்கிறேன்.

ஐந்து வயதில் தொப்புளைச் சுற்றி வலி என்றால் பெரும்பாலும் பயப்படும்படி ஒன்றும் இருக்காது. ஜான் ஏப்லி என்ற ஆங்கிலேய மருத்துவர் 1958இல் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்தபோது, ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு மாதக்கணக்கில் வந்து வந்து போகும் வயிற்று வலி இருந்தது. மிகச் சிலருக்குத்தான் உள்ளே நோய் என்று ஒன்று இருந்தது. என் அறைக்கு வரும் பிள்ளைகளிலும் பாதிப் பேருக்கு மலச்சிக்கல்தான். 'தினமும் போகிறாள் டாக்டர்' என்பார்கள். எப்படிப் போகிறாள் என்று கேட்டால் ஆட்டுப் புழுக்கை மாதிரி என்பார்கள். அது போனதாகக் கணக்கில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. அந்தத் தீபாவளிப் பாவாடை. இந்த வயதில் பிள்ளை வருஷத்துக்கு 5, 6 சென்டிமீட்டர் உயர வேண்டும், சுமார் 2 கிலோ ஏற வேண்டும். போன வருஷப் பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறியிருக்க வேண்டும், இடுப்பில் ஊக்கு மாட்டச் சிரமப்பட்டிருக்க வேண்டும். வலி என்பது பிள்ளை சொல்லி நாம் கேட்பது. வளர்ச்சி நின்றது பாவாடையே சொல்வது. அதோடு ரத்தம் 9.2. இந்த வயதில் 11.5க்குக் குறையக் கூடாது. முறையாகச் சிரப் குடித்தால் நாலு வாரத்தில் ஒரு புள்ளியாவது ஏறும். இரண்டு மாதத்தில் 0.2 என்பது ஏறினதாகவே கணக்கில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால், காற்று, வாயு என்று விட்டுவிடக் கூடாது.

இது வெள்ளைக்காரர் வியாதி என்று இங்கே பலர், மருத்துவர்கள் உட்பட, நினைத்துக்கொண்டிருந்தோம். 2015இல் வெளியான ஒரு மலேசிய ஆய்வில் 562 இளைஞர்களின் ரத்தத்தைப் பார்த்தபோது, 1.25 விழுக்காட்டினருக்கு அந்த எதிர்ப்பொருள் இருந்தது. மலாய், சீனர், இந்தியர் மூவரிலும் இருந்தது. இந்தியாவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு இன்னும் சுவாரசியமானது. வடக்கே 1.23 விழுக்காடு, தெற்கே 0.10தான். நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. வித்தியாசம் தட்டில்: வடக்கே ஒரு நாளைக்கு 455 கிராம் கோதுமை, தெற்கே 25 கிராம். நம் பாட்டன் பூட்டன் சோறு தின்று வந்தவர்கள். நம் பிள்ளைகளோ காலையில் சானாய், இடைவேளையில் பிஸ்கட், மாலையில் மேகி, ராத்திரி சப்பாத்தி. கோதுமை பெருகினால் நோயும் பெருகும் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. 'தமிழருக்கு இது வராது' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

அக்கா மகனுக்கு இருப்பதால் உங்கள் பிள்ளைக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவே. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் என்ற வட்டத்துக்குள்தான் அது நன்றாகக் கூடும், ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு. பரிசோதனை எடுத்துக்கொள்ள வேண்டியவர்களில் உங்கள் அக்காவும் ஒருவர், இதை அவரிடம் சொல்லுங்கள்.

சரி, எப்படிப் போவது? அரசாங்க கிளினிக்கிலேயே தொடங்குங்கள், 1 ரிங்கிட்தான். போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். பிறந்ததிலிருந்து எடை குறித்த சுகாதாரப் புத்தகத்தைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். பெட்டியின் அடியில் கிடந்தாலும் தேடி எடுங்கள். அதிலுள்ள வளைகோடு எந்த வயதில் படுத்தது என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். இரண்டு ரத்த முடிவுகளையும் வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்: எத்தனை மணிக்கு வலி, விரலை எங்கே வைத்துக் காட்டினாள், ராத்திரி தூக்கத்திலிருந்து வலியால் எழுந்தாளா, மலம் எப்படி. வெளிறி, நாற்றமடித்து, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் மிதந்தால் அதையும் எழுதுங்கள். வெட்கப்படாதீர்கள், எங்களுக்கு அது தங்கம்.

கிளினிக்கில் பேச்சு மலாயில்தான் இருக்கும், கூட்டமும் இருக்கும், டாக்டர் நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது. வயிற்று வலி என்று தொடங்கினால் மறுபடி காற்று மருந்துதான். நான் என்றால் இப்படித் தொடங்குவேன்: "டாக்டர், பெராட் பாடான் அனாக் சாயா தாக் நைக் செதாஹுன்." ஒரு வருஷமாக எடை ஏறவில்லை. இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால் பேனா நின்றுவிடும். அப்புறம் இரும்புச்சத்து ஏறாததைச் சொல்லுங்கள், அக்கா மகனைச் சொல்லுங்கள், குழந்தைகள் சிறப்பு மருத்துவருக்குக் கடிதம் கேளுங்கள். உங்களுக்கு ஈப்போ பெரியாஸ்பத்திரி 30 கிலோமீட்டர் தூரம்தான். தேவைப்பட்டால் அங்கிருந்து குழந்தைகளின் குடல் மருத்துவரிடம் அனுப்புவார்கள். அப்படிப்பட்டவர்கள் நாட்டில் அதிகம் இல்லை, பெரும்பாலும் கோலாலம்பூர் பக்கம்.

அங்கே எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனைக்கு டிடிஜி ஐஜிஏ என்று பெயர். ஐஜிஏ என்பது எதிர்ப்பொருளில் ஒரு வகை. அதோடு மொத்த ஐஜிஏ அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதை மட்டும் மறக்காமல் கேளுங்கள், ஏனென்றால் அடிக்கடி விட்டுப்போவது இதுதான். செலியாக் உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஐஜிஏ என்ற சரக்கே உடம்பில் சுரப்பதில்லை. அவர்களுக்கு முதல் பரிசோதனை எப்போதும் 'இல்லை' என்றுதான் காட்டும். இல்லாத சரக்கை எடை போட்டு என்ன பயன்? அவர்களுக்கு ஐஜிஜி என்ற இன்னொரு வகை எதிர்ப்பொருளைப் பார்க்கும் பரிசோதனையை வேறாக எடுக்க வேண்டும். வெறும் வயிறு தேவையில்லை, காலையில் சாப்பிட்டுவிட்டே போகலாம்.

பரிசோதனைக்கு முன் ஆறு வாரமாவது, தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை சாப்பிட்டிருக்க வேண்டும் என்பது பிரிட்டனில் பின்பற்றும் கணக்கு. அளவுக்கு மீறித் திணிக்க வேண்டாம். காலையில் அரை சானாயோ இரண்டு துண்டு ரொட்டியோ, சாயங்காலம் கொஞ்சம் மீயோ சப்பாத்தியோ போதும். சிறப்பு மருத்துவரின் தேதி கிடைப்பதற்குள் ஆறு வாரம் தானாக ஓடிவிடும். தேதி சீக்கிரமே கிடைத்துவிட்டால் தள்ளிப்போடாதீர்கள்; 12 நாள் நிறுத்தியதைச் சொல்லுங்கள், அவர் முடிவு செய்வார். வலி தாங்க முடியாமல் போனால் நீங்களாக நிறுத்தாமல் அவரிடம் சொல்லித் தேதியை முன்னே கொண்டு வாருங்கள். மற்றத் தாய்மாருக்கும் ஒன்று சொல்லிவைக்கிறேன்: மாதக்கணக்கில் நிறுத்திவிட்டு, சோதனைக்காக மறுபடி கொடுத்துப் பார்ப்பதை ஐந்து வயதுக்குள் தவிர்க்கவே பார்ப்போம். அந்தக் குழந்தைகள் விஷயத்தை வீட்டில் முடிவு செய்யக் கூடாது.

முடிவு எப்படியும் வரலாம். எதிர்ப்பொருள் மிக அதிகமாக, சாதாரண அளவைப் போல பத்து மடங்குக்கு மேல் வந்தால், இன்னொரு முறை ரத்தம் எடுத்து வேறொரு எதிர்ப்பொருளையும் பார்த்து, வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்காமலே நோயை உறுதி செய்ய ஐரோப்பியக் குழந்தைக் குடல் மருத்துவர்களின் வழிகாட்டி இடம் கொடுக்கிறது. நம் மருத்துவர் அப்படியும் குழாய் விட்டுப் பார்க்கலாம் என்று சொன்னால் அதுவும் தப்பில்லை. இடைப்பட்ட அளவில் வந்தால் எண்டோஸ்கோபி எடுக்கத்தான் வேண்டும். வாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு, சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து எள்ளளவு சதையை நாலைந்து இடத்தில் கிள்ளி எடுப்பார்கள். பிள்ளையை மயக்கித் தூங்கவைத்துத்தான் செய்வார்கள். கிள்ளிய இடத்தில் வலி நரம்பு கிடையாது. பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். அந்த நாள் வரைக்கும் கோதுமை நிற்கக் கூடாது. ரத்தத்தில் இருக்கிறது என்று தெரிந்த சந்தோஷத்திலோ பயத்திலோ நிறுத்திவிட்டு, ஆறிப்போன குடலோடு வந்து படுக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

மரபணுப் பரிசோதனை ஒன்றையும் சிலர் சொல்வார்கள். அந்த மரபணு இல்லாவிட்டால் செலியாக் ஏறக்குறைய இல்லை என்று ஒதுக்கலாம். இருந்தால் எதுவும் நிரூபணமாகாது, ஏனென்றால் நோயில்லாத மூன்றில் ஒருவருக்கும் அது இருக்கும்.

நீங்கள் கேட்ட அந்தத் தனியார் பேக்கேஜ் பெரும்பாலும் நூறு உணவுக்கு எதிராக ஐஜிஜி பார்ப்பதாக இருக்கும். ஒரு உணவைச் சாப்பிட்டுப் பழகிய உடம்பில் அதற்கு ஐஜிஜி இருப்பது இயல்பு. பால், முட்டை, கோதுமை, கத்திரிக்காய் என்று சிவப்பில் பத்து பெயர் வரும். பிள்ளை ஏற்கெனவே குச்சி; பத்தையும் நிறுத்தினால் என்ன ஆவாள்? அந்தப் பணத்தில் பிள்ளைக்கு மீனும் முட்டையும் வாங்கிக் கொடுங்கள்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். நாக்குப்பூச்சி என்றதை ஏளனமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரப்பர் காட்டில் வெறுங்காலோடு பால் மரம் வெட்டிய தலைமுறைக்கு, கொக்கிப்புழு காலில் ஏறி ரத்தம் குடித்து வெளுத்துப்போன பிள்ளைகளைத் தெரியும். அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். பூச்சி மருந்து சமீபத்தில் கொடுக்கவில்லை என்றால் டாக்டரிடம் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். பூச்சி மட்டும் இல்லை, ஜியார்டியா என்ற ஒரு கிருமி இருக்கிறது. ஆற்றுத் தண்ணீர், காய்ச்சாத தண்ணீர் வழியாக வரும். உப்பிய வயிறு, மிதக்கும் மலம், ஏறாத எடை என்று செலியாக்கைப் போலவே வேஷம் போடும். மருந்து கொடுத்தால் போய்விடும். மலப் பரிசோதனையில் ஒரே நாளில் சிக்காது, இரண்டு மூன்று நாள் கொடுத்துப் பார்க்க வேண்டும். சிறுநீரும் பாருங்கள், பெண் பிள்ளைகளுக்கு மூத்திரப் பாதையில் கிருமி இருந்தாலும் வயிற்று வலி என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் வயிற்றைத் தடவி, குடலை இறக்குகிறேன் என்று அமுக்குவது மட்டும் வேண்டாம். குடல் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. வலி குடல்வாலிலிருந்து வந்தால் அமுக்கும் கை ஆபத்தாகிவிடும். 'டாக்டர் சொல்லும்வரை வேண்டாம் அத்தை' என்று என் தலையில் போட்டுவிடுங்கள், வீட்டில் சண்டை வேண்டாம்.

பாலையும் கேட்க மறந்துவிட்டேன். நம் வீடுகளில் ஆறு வயது வரை படுத்துக்கொண்டே பால் புட்டி குடிக்கிற பிள்ளைகள் உண்டு, ஒரு நாளைக்கு நாலு புட்டி. பால் நிறைய போனால் சோறு இறங்காது, இரும்புச்சத்தும் சேராது, மலமும் இறுகும். சிரப்பைப் பாலோடோ தேத்தண்ணியோடோ கொடுத்திருந்தால் அதில் பாதி வீண். ஆரஞ்சுச் சாறோடு கொடுங்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் இருக்கிறதா என்றும் ஒரு முறை ரத்தத்தில் பார்த்துவிடச் சொல்லுங்கள். அதில் இரும்பு கொடுத்தாலும் ரத்தம் ஏறாது.

ஒருவேளை செலியாக்தான் என்று முடிவானால், வாழ்நாள் முழுக்கக் கோதுமை கிடையாது. கேட்கப் பெரிதாக இருந்தாலும், மெல்பர்ன் அக்காவைவிட உங்களுக்குச் சுலபம். அவர் விலை உயர்ந்த குளூட்டன் இல்லாத ரொட்டியைத் தேடி அலைய வேண்டும். நமக்கு சோறு, இட்லி, தோசை, இடியாப்பம், ஆப்பம், அரிசிப் புட்டு, அரிசியில் செய்யும் மீஹூன், குவேதியாவ் நூடுல்ஸ் எல்லாம் இருக்கிறது. வம்பு ஒளிந்திருக்கும் இடங்கள் வேறு. ரவை கோதுமைதான், ஆகவே உப்புமாவும் கேசரியும் போச்சு. மைலோவிலும் ஹார்லிக்ஸிலும் இருக்கும் மால்ட் பார்லியிலிருந்து வருவது. கருப்புச் சோயா கிச்சாப் பலவற்றில் கோதுமை உண்டு. எங்கள் தொழிலில் இருப்பவர்களே தாமதமாகக் கண்டுபிடித்தது பெருங்காயத்தூள்! கட்டி காயத்தை இடித்துக் கலக்கும்போது பல நிறுவனங்கள் கோதுமை மாவைச் சேர்க்கின்றன. டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஆனால் இதெல்லாம் அப்புறம். இப்போதே சமையலறையைக் காலி செய்யத் தொடங்காதீர்கள், அதுதானே நான் இவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருப்பது.

தேதிக்காகக் காத்திருக்கும்போது பச்சையாக வாந்தி எடுத்தால், மலத்தில் ரத்தம் வந்தால், வயிறு பலகை மாதிரி இறுகினால், வலி வலது பக்க அடிவயிற்றுக்கு இறங்கி காய்ச்சலும் சேர்ந்தால், நோட்டில் எழுதிக்கொண்டிருக்காமல் நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் சரி.

ரத்தம் எடுக்கும் நாளைப் பற்றி ஒன்று. ஏற்கெனவே இரண்டு தரம் குத்தியிருக்கிறார்கள், ஊசியைக் கண்டாலே அலறுவாள். தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பு இருக்கிறது, குத்துவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் பூச வேண்டும். போனதுமே நர்ஸிடம் கேளுங்கள், இருந்தால் போடுவார்கள். 'வலிக்காது' என்று பொய் சொல்லாதீர்கள், அடுத்த முறை நம்பமாட்டாள். எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும், பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும் என்று சொல்லி மடியில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள், எண்ணிக்கையை அவளையே எண்ணச் சொல்லுங்கள். எத்தனை குழாய், என்னென்ன பரிசோதனை என்று கேட்டு, எல்லாவற்றையும் ஒரே குத்தில் எடுக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் கீழே கேன்டீனுக்குக் கூட்டிப்போய், சூடாக ஒரு ரொட்டி சானாய் வாங்கிக் கொடுங்கள். டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை அவள் சாப்பிடலாம்.